ஓட்டம், தாண்டுதல் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு: எதை எப்போது முடிக்க வேண்டும்?

எம்.பி.எட். டிசர்டேஷனுக்கோ பிஎச்.டி.க்கோ ஓட்டக்காரர்களையும் தாண்டும் வீரர்களையும் வைத்து ஆய்வு செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் உடற்கல்வித் துறைக்குள் வருபவர்களில் பலருடைய தலைப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிளையோமெட்ரிக் பயிற்சியோ (குதித்து, உடனே மீண்டும் தாண்டும் பயிற்சி) எடைப் பயிற்சியோ கொடுத்து, 30 மீட்டர் வேகமும் செங்குத்துத் தாண்டலும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்ப்பது. தலைப்பு கிடைப்பதில் சிரமமில்லை. எந்தக் காகிதம் எதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும், எந்தக் கருவி இல்லாமல் சமாளிக்கலாம், பணம் எங்கே கரையும் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

உங்களிடம் ஃபோர்ஸ் பிளேட்டோ (கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் பலகை) பெரிய ஆய்வகமோ இல்லை என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

1. சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் முன் எதை அளப்பது என்று முடிவு செய்யுங்கள்

வேகம், எக்ஸ்புளோசிவ் பவர், அஜிலிட்டி, ஃபிளெக்ஸிபிலிட்டி, தாங்குதிறன் என்றெல்லாம் எட்டு மாறிகளை (அளக்கும் பண்புகளை) அடுக்குவது நம் பக்கத்து வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். எட்டு மாறி என்றால் எட்டு டெஸ்ட். களைத்துப்போன பையன் கடைசி டெஸ்டில் ஓடும் நேரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. போதாததற்கு, எட்டு மாறிகளைச் சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே 'சிக்னிஃபிகன்ட்' (புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது) என்று வந்துவிடலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான்.

இரண்டு அல்லது மூன்று போதும். என் பரிந்துரை: கைகளை இடுப்பில் வைத்து, முழங்காலைச் சட்டென மடக்கி உடனே மேலே தாண்டும் கவுன்டர் மூவ்மென்ட் ஜம்ப், 10 மீட்டர் ஸ்பிளிட்டோடு (நடுவே 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தோடு) 30 மீட்டர் ஓட்டம், அவரவர் போட்டியோடு தொடர்புடைய ஓர் அளவு. நீளம் தாண்டுபவர் என்றால் மூன்றாவதாக ஓடிவரும் வேகத்தை எடுங்கள். டேக்-ஆஃப் பலகைக்கு முன்னால் 11-லிருந்து 6 மீட்டர் வரை, 6-லிருந்து 1 மீட்டர் வரை என இரண்டு துண்டாக அளப்பதே சர்வதேச ஆய்வுகளில் வழக்கம். அதையே பின்பற்றினால் உங்கள் எண்களை மற்றவர்களுடைய எண்களோடு ஒப்பிட்டுப் பேசலாம்.

2. குழுவுக்கு எத்தனை பேர் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

'குழுவுக்கு 15 பேர்' என்பது நம் துறையில் கிட்டத்தட்ட சடங்காகிவிட்டது. ஏன் 15 என்று கேட்டால் முந்தைய தீசிஸைக் காட்டுவோம். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் போட்டுப் பாருங்கள். 0.05 அளவில் 80 சதவீத பவர் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) வேண்டும், இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், நடுத்தர விளைவைக் (0.5, அதாவது திட்ட விலக்கத்தில் பாதி) கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. பெரிய விளைவுக்கே (0.8) 26 பேர் வேண்டும். 15 பேரை வைத்துக்கொண்டு 1.06-க்கு மேற்பட்ட மிகப் பெரிய விளைவை மட்டுமே நம்பிப் பிடிக்கலாம்.

64 பேருக்கு எங்கே போவது என்றால், போக வேண்டாம். முன்-அளவீட்டைக் கோவேரியட்டாக வைத்து ஆன்கோவா (தொடக்க வித்தியாசத்தைக் கழித்து ஒப்பிடும் கணக்கு) செய்தால் தேவைப்படும் எண்ணிக்கை குறையும். மூன்று குழுவை இரண்டாகக் குறையுங்கள், மாறிகளையும் குறையுங்கள். இடையில் விலகுபவர்களுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேருங்கள். கல்லூரி அணியில் காயம், தேர்வு, வேலைக்கான ஆள்சேர்ப்பு என்று யாராவது போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

3. எத்திக்ஸ் கமிட்டி: இதை முடிக்காமல் ஒருவரையும் தாண்டச் சொல்லாதீர்கள்

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு அவர்களுக்குத் தீங்கில்லாததா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு இது. வருடத்தை விழுங்கும் படி இதுதான். 'வெறும் உடற்பயிற்சிதானே, ஊசி போடுகிறோமா' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் உடல்நல ஆய்வுகளுக்கான ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் பயிற்சி ஆய்வுக்கும் பொருந்தும். பயிற்சி தொடங்கிய பிறகு போனால் பழைய தேதியிட்ட ஒப்புதலை எந்தக் கமிட்டியும் தராது. நல்ல ஆய்விதழ்கள் ஒப்புதல் எண்ணையும் தேதியையும் கேட்கும். அது இல்லாவிட்டால் கட்டுரையைப் படிக்காமலே திருப்பிவிடுவார்கள்.

உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால், ஒப்பந்தம் போட்டு வேறொரு நிறுவனத்தின் கமிட்டியைப் பயன்படுத்த நெறிமுறையில் இடமிருக்கிறது. பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரியிலோ பிசியோதெரபி கல்லூரியிலோ விசாரியுங்கள். அந்தக் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்யப்பட்டதா, தலைவர் வெளிநிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த நிறுவனத்தின் தலைவரே கமிட்டித் தலைவராகவும் கையெழுத்துப் போட்ட கடிதம் செல்லாது.

கொண்டுபோக வேண்டியவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், சம்மதப் படிவம், உங்களுடையதும் கைடுடையதும் ஆன சுயவிவரம், செலவுத் திட்டம், பயிற்சி நடக்கும் பள்ளி அல்லது கல்லூரியின் இசைவுக் கடிதம், காயம் பட்டால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது என்ற குறிப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். ஆய்வால் ஏற்படும் காயத்துக்குச் சிகிச்சை தருவது ஆய்வு செய்பவரின் கடமை.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அதோடு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எழுத்திலும், 7 முதல் 12 வரை உள்ளவர்களிடம் வாய்மொழியாகவும் பிள்ளைகளின் இசைவையும் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோர் என்றால் கைநாட்டு. பக்கத்தில் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்து. தலைமை ஆசிரியர் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது சம்மதம் ஆகாது.

தகவல் தாளைத் தமிழில் நீங்களே எழுதுங்கள், மொழிபெயர்ப்பு மென்பொருளிடம் விடாதீர்கள். ஓர் அம்மா படித்தால் புரிய வேண்டும். நான் எழுதியதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: 'உங்கள் மகன் வாரம் மூன்று நாள் மாலையில் பெட்டியிலிருந்து குதித்துத் தாண்டும் பயிற்சி செய்வார். தொடையிலோ கெண்டைக்காலிலோ வலி, பிடிப்பு வரலாம். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகினால் அணித் தேர்வில் எந்தப் பாதிப்பும் வராது.' கடைசி வாக்கியம் மிகவும் முக்கியம். பல இடங்களில் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவரும் அணி தேர்ந்தெடுப்பவரும் ஒரே பி.டி. சார்தான். அந்தப் பையனால் எப்படி 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்? முடிந்தால் சம்மதம் வாங்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

பல இடங்களில் கமிட்டி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதுதான். திருத்தம் கேட்டால் இன்னொரு சுற்று. ஆறு மாதம் ஒதுக்கிவிடுங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். சொந்த மாணவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம் அல்லது சொற்பம், வெளியாட்களுக்கு அதிகம். விண்ணப்பத்தை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

4. சி.டி.ஆர்.ஐ. பதிவு

இது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு. இணையத்தில் இலவசமாகப் பதியலாம். பயிற்சி கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்னால் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் பதிவதை அவர்கள் ஏற்பதில்லை. எத்திக்ஸ் ஒப்புதல் கடிதத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், அது வந்த மறுநாளே இந்த வேலையைத் தொடங்குங்கள். கேள்விகளோடு திருப்பி அனுப்புவார்கள். பதில் எழுதினால் எண் வரும்.

விளையாட்டுத் திறனை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு இது தேவையா என்று சிலர் வாதிடுவார்கள். என் கருத்தில் பதிந்துவிடுவதே பாதுகாப்பு. பின்னால் ஓர் ஆய்விதழ் கேட்டால் அப்போது செய்வதற்கு எதுவும் இருக்காது.

5. பள்ளி, விடுதி, மைதான அனுமதி

அரசுப் பள்ளி மாணவர்கள் என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பிறகு தலைமை ஆசிரியர். விளையாட்டு விடுதி மாணவர்கள் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட லெட்டர்ஹெட் கடிதம், சினாப்சிஸ் சுருக்கம் ஒரு பக்கம், எத்திக்ஸ் கடித நகல். மூன்றையும் இரண்டு செட்டாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவிடுங்கள். முத்திரை இல்லாத கடிதம் தொலைந்தால் மீண்டும் முதலிலிருந்துதான்.

சிந்தெடிக் டிராக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மண் டிராக்கே போதும். முன்-அளவீடும் பின்-அளவீடும் ஒரே தளத்தில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். முன்-டெஸ்டை மண்ணிலும் பின்-டெஸ்டை சிந்தெடிக்கிலும் எடுத்தால், நீங்கள் அளந்தது தளத்தின் வித்தியாசத்தைத்தான்.

6. நாட்காட்டியைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள்

எட்டு வாரம் பயிற்சி, முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம், ஒத்திகைக்கு இரண்டு வாரம். மொத்தம் மூன்று மாதம் இடையூறில்லாமல் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. பள்ளிகளில் குறுவட்டப் போட்டியில் தொடங்கிக் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள்வரை நடுநடுவே வந்துகொண்டே இருக்கும். பயிற்சியாளரிடம் உட்கார்ந்து அந்த வருடத்தின் போட்டித் தேதிகளை எழுதி வாங்கிய பிறகே உங்கள் தேதியைக் குறியுங்கள். கல்லூரி வீரர்களுக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை எனக்கு வசதியாக இருந்தது.

காற்றை மறக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கமும், ஆரல்வாய்மொழி வழியாகக் குமரி, நெல்லைப் பக்கமும் அடிக்கும் காற்றில் 30 மீட்டர் ஓடினால் முதுகைத் தள்ளும் காற்றையே பயிற்சியின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். தடகளத்தில் 100 மீட்டருக்கும் நீளம் தாண்டுதலுக்கும் நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டிய பின்காற்றில் செய்த சாதனை ஏற்கப்படாது. நீங்களும் அதே வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். கையடக்கக் காற்றுமானி ஒன்றை இரவல் வாங்குங்கள், அதிகாலையில் ஓடவிடுங்கள்.

7. அளவீட்டை ஒத்திகை பாருங்கள்

பயிற்சியால் கிடைக்கும் முன்னேற்றம் தாண்டலில் சில சென்டிமீட்டர், 30 மீட்டரில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. உங்கள் அளவீட்டின் பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். ஆகவே இங்கே நேரம் செலவிடுங்கள்.

தாண்டல்: நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் செல்போன் போதும். இரண்டு பாதங்களும் தரையை விட்ட முதல் பிரேமிலிருந்து மீண்டும் தரையைத் தொட்ட முதல் பிரேம்வரை உள்ளது பறந்த நேரம். அதை அதனாலேயே பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். அரை நொடி பறந்தால் 30.7 சென்டிமீட்டர். 240 பிரேமில் ஒரு பிரேம் தவறினால் உயரம் அரை சென்டிமீட்டர்தான் பிசகும். சாதாரண 30 பிரேம் வீடியோவில் அதே தவறு 4 சென்டிமீட்டர். முழுப் பயிற்சியின் பலனும் அந்த இடைவெளிக்குள் காணாமல் போய்விடும்.

போனைத் தரையை ஒட்டி, பாதங்களுக்கு நேர் எதிரே, ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்காதீர்கள். அது சுருக்கி அனுப்புவதில் பிரேம்கள் போய்விடும். கேபிள் போட்டு கணினிக்கு மாற்றுங்கள். கினோவியா என்ற இலவச மென்பொருளில் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்க்கலாம்.

இறங்கும்போது முழங்காலை மடக்கினால் பறந்த நேரம் கூடும், உயரமும் பொய்யாகக் கூடும். வீரர்கள் இதைத் தெரிந்து செய்வதில்லை. இன்னும் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும் என்ற ஆசையில் உடம்பு தானாக மடக்கிவிடும். 'காலை நீட்டியபடி முன்பாதத்தில் இறங்கு' என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மடக்கிய தாண்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள். கை இடுப்பை விட்டு நகர்ந்தாலும் அப்படித்தான்.

ஓட்டம்: ஸ்டாப் வாட்ச் வேண்டாம். கைநேரத்தோடு 0.24 நொடி கூட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது 100, 200 மீட்டரில் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவதற்கான சராசரித் திருத்தம். அமுக்குபவரின் விரல் ஒருமுறை முந்தி, ஒருமுறை பிந்திப் போவதை அது சரிசெய்யாது.

ஃபோட்டோசெல் கேட் (ஒளிக்கதிரை வெட்டியதும் நேரத்தைப் பதியும் கருவி) கிடைத்தால் இடுப்பு உயரத்தில் வைத்து, முன்கால் முதல் கேட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும்படி கோடு போடுங்கள். கோட்டிலேயே நிறுத்தினால் வீசும் கை கதிரை வெட்டிக் கடிகாரத்தைத் தொடக்கிவிடும். எந்தத் தூரம் வைத்தாலும் தீசிஸில் எழுதுங்கள். அது மாறினால் 10 மீட்டர் நேரமும் மாறும்.

கேட் இல்லையென்றால் அதே போன்தான். ஆனால் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஓடுபாதையிலிருந்து 18 மீட்டர் தள்ளி, 15 மீட்டர் குறிக்கு நேராக டிரைபாடை நிறுத்துகிறீர்கள். 30 மீட்டரைக் காட்டும் கம்பத்தை, ஓடுபவரைவிடக் கேமராவுக்கு 1 மீட்டர் அருகே, சரியாக 30-க்கு நேராக நட்டால், அவர் 30.88 மீட்டரில் இருக்கும்போதுதான் கேமராவில் இடுப்பும் கம்பமும் ஒன்றாகத் தெரியும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அது 0.11 நொடி. கம்பத்தை 29.17 மீட்டரில் நட வேண்டும். 10 மீட்டர் கம்பத்துக்கு 10.28. கயிறு பிடித்து நட்டு, ஒரு நண்பரைச் சரியாக 30 மீட்டரில் நிற்கவைத்து, போன் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு ஒத்திகை. பத்துப் பதினைந்து பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை, அதே நேரத்தில், பயிற்சி எதுவும் கொடுக்காமல் அளந்து பாருங்கள். ஒவ்வொருவரின் இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.414-ஆல் வகுத்தால் உங்கள் அளவீட்டின் பிழை கிடைக்கும். அதோடு ஐ.சி.சி.யையும் (இரண்டு அளவீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போடுங்கள். வீடியோக்களை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகப் படியுங்கள். எது முன்-டெஸ்ட், எது பின்-டெஸ்ட் என்று அவருக்குத் தெரியக் கூடாது.

8. டெஸ்ட் நாள்

முந்தைய 48 மணி நேரம் கடும் பயிற்சி இல்லை. வார்ம்-அப்பை எழுதி வைத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். தாண்டல் முதலில், ஓட்டம் பிறகு. மூன்று முயற்சிகள், 30 மீட்டருக்கு நடுவே குறைந்தது மூன்று நிமிட ஓய்வு. ஷூ என்றால் ஷூ, ஸ்பைக்ஸ் என்றால் ஸ்பைக்ஸ். பின்-டெஸ்டிலும் அதே ஜோடி.

பெண் வீராங்கனைகள் இருந்தால் ஒரு பெண் உதவியாளர் இல்லாமல் டெஸ்டைத் தொடங்காதீர்கள். உயரம், எடை எடுப்பதும் அவர்தான். பிள்ளைகளின் வீடியோவில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும். போனிலிருந்து அன்றே மாற்றி, கடவுச்சொல் போட்ட ஒரே இடத்தில் வையுங்கள். முதலுதவிப் பெட்டி, ஐஸ், முடிந்தால் ஒரு பிசியோ.

முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இத்தனை மாலைப் பொழுதுகளைத் தந்தவர்களுக்கு அது சேர வேண்டியது. பின்-டெஸ்டுக்கும் ஆள் குறையாது.

9. செலவு

டிரைபாட், 50 மீட்டர் டேப், கோன், கம்பங்கள் எல்லாம் சேர்த்து மூவாயிரம் நாலாயிரத்துக்குள் முடிக்கலாம். மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். ஜாஸ்ப், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், நம் துறைக்குத் தேவையான எல்லாக் கணக்கையும் போடும். திருட்டு எஸ்.பி.எஸ்.எஸ். (கட்டணப் புள்ளியியல் மென்பொருள்) தேடி அலையாதீர்கள். பணம் போவது வேறு இடத்தில். எட்டு வாரம் பயிற்சிக்குப் பிறகு கொடுக்கும் வாழைப்பழமும் முட்டையும், உங்கள் பஸ் செலவு, மைதானக் கட்டணம், கடைசியில் தீசிஸ் அச்சும் பைண்டிங்கும். 30 பேருக்கு வாரம் மூன்று நாள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

10. கணக்கு, தீசிஸ், கட்டுரை

'0.05 அளவில் சிக்னிஃபிகன்ட்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நொடி, 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) எவ்வளவு, அது ஏழாம் படியில் கண்டுபிடித்த பிழையைவிடப் பெரிதா என்று எழுதுங்கள். மாற்றம் வராவிட்டாலும் அப்படியே எழுதுங்கள். ஒழுங்காக அளந்து 'மாறவில்லை' என்று சொல்வதும் பயிற்சியாளருக்குப் பயன்படும் செய்திதான்.

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி) 10 சதவீதம்வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் 40 சதவீதம்வரை போனால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், அதையும் தாண்டினால் தண்டனை கடுமையாகும். ஆய்வு முறை அத்தியாயத்தை முந்தைய தீசிஸிலிருந்து எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

யு.ஜி.சி.யின் 2022 விதிமுறையில், தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தாங்களாக அதை வைத்திருக்கலாம். இந்த இடத்தில்தான் வாட்ஸ்அப்பில் 'மூன்று நாளில் வெளியிடுகிறோம், ரூ.2,000' என்று வருபவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பணம் கட்டும் முன், அந்த இதழ் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று இதழின் தளத்தில் பார்க்காமல் ஸ்கோபஸின் சொந்தத் தளத்திலேயே தேடுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் எந்த இதழ்களை ஏற்கும், எத்தனை கட்டுரை வேண்டும் என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு, எழுத்தில் வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.